டிரம்மைத் தூக்கியது போதும்!

திருப்பூர் நெருப்பெரிச்சலில் சாய வேலையில் இருந்துகொண்டு, வேதியியல் எனக்கு வராது என்கிறாயா?

யாரிடம் சொல்கிறாய் இதை? சாயம் துணியில் ஏறுவது எதனால்? துவைத்தாலும் போகாமல் நிற்பது எதனால்?

பருத்தி தீப்பிடிக்காமலிருக்க ஒரு பினிஷிங் மருந்து உண்டு. பைரோவேடெக்ஸ் என்று டிரம்மில் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டாயா?

டைமெத்தில் பாஸ்பைட்டும் அக்ரிலமைடும் சேர்கின்றன. அக்ரிலமைடின் இரட்டைப் பிணைப்பில் பாஸ்பரஸ் போய் ஒட்டுகிறது. பிறகு பார்மால்டிஹைடு. அவ்வளவுதான், பருத்தி நாரோடு பிணைய மருந்து தயார்! தீ பட்டால், எரியும் வாயு கிளம்பவிடாமல் துணியைக் கரியாக்கி அடக்கும்.

பாஸ்பரஸ் அப்படி ஒட்டுவது மைக்கேல் சேர்க்கை வினை. 1887-ல் ஆர்தர் மைக்கேல் கார்பனை வைத்துக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் பாஸ்பரஸுக்கும் நீட்டினார்கள்.

அந்த மைக்கேலிடம் என்ன பட்டம் இருந்தது? ஒன்றுமில்லை!

ஹார்வர்டில் சேர நினைத்தார், நோய் தடுத்தது. ஐரோப்பா போய்ப் படித்தார். பட்டம் வாங்காமலே திரும்பிப் பேராசிரியரானார். பணக்கார வீட்டுப் பிள்ளைதான், ஒப்புக்கொள்கிறேன். பணமா வினையைக் கண்டுபிடித்தது?

இன்னும் மேலே வா. 1962. வெல்ச்சர், டே என்ற இருவர் பினைல்பாஸ்பீனை எடுத்தார்கள். அதன் பாஸ்பரஸில் இரண்டு ஹைட்ரஜன். எதிரே, இருபக்கமும் இரட்டைப் பிணைப்புள்ள கீட்டோன். பாஸ்பரஸின் ஒரு கை இந்தப் பக்கம், மறு கை அந்தப் பக்கம். மூடியது வளையம்! ஐந்து கார்பன், ஒரு பாஸ்பரஸ்.

அந்த வகைக் கீட்டோன் ஒன்றை நீயே செய்திருப்பாய். டைபென்சால் அசிட்டோன்! கல்லூரி ஆய்வகத்தில் மஞ்சள் படிகமாக வடித்தெடுப்பார்களே, அதுதான். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு மறந்துவிட்டாய்.

பினைல்பாஸ்பீன் குடலைப் புரட்டும் நாற்றம். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். நல்ல ஆய்வகத்தில், காற்றுப் புகாமல், நைட்ரஜனுக்குள்தான் கையாள முடியும். பயப்படத்தான் வேண்டும். ஓடுவதற்கா? கவனமாக வேலை செய்வதற்கு!

இந்த வளையத்தை மூடப் பார்த்தால் முதலில் தோற்பாய். வளையமாக வேண்டியது சங்கிலியாக நீண்டு பிசினாகும். சேர்ந்தது பிரிந்து பழையபடி நிற்கும். திரும்பிப் போகும் குணம் இந்த வினைக்கு உண்டு. அதனால் என்ன? கரைசலை நீர்க்க வை. சொட்டுச் சொட்டாகச் சேர். சூட்டை மாற்று. மறுபடி செய்!

உன் ஊரையே பார். 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, திருப்பூர் முடிந்தது என்றார்கள். முடிந்ததா? கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பைப் பிரித்தெடுத்து, பட்டறைகளைத் திரும்ப ஓட்டினார்கள். அதுவும் வேதியியல்தான்!

தமிழ் வழியில் படித்தேன் என்று இழுக்காதே. பாஸ்பரஸுக்கு ஆங்கிலம் தெரியுமா?

ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் உடம்பு அசந்துபோகும். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று?

ஒரு தாளை எடு. அந்த ஆறு அணு வளையத்தை வரை. எலெக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போடு.

தப்பாகிவிட்டதா? கிழித்துப் போடு. இன்னொரு தாளை எடு!