அழுக்கு எங்கே போகிறது?

திருநாள் நெருங்கும்போது எமது லயங்களில் எழும் பரபரப்பை நீங்கள் அறிவீர்கள். சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும். இஸ்தோப்பு கழுவப்படும். கிழிந்த பாயும் உடைந்த வாளியும் வெளியே வரும். பின்னேரம் வீடு பளிச்சென்று இருக்கும்; பார்க்கும் மனமும் நிறைந்துவிடும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அல்லவா நாம்?

அன்பான வாசகரே, இந்த மகிழ்ச்சியைக் கெடுக்க நான் வரவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்க விரும்புகிறேன். காலையில் உங்கள் வீட்டில் இருந்த அழுக்கு பின்னேரம் எங்கே இருக்கிறது?

அது அழிந்து போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அப்படியானால் நாம் செய்தது சுத்தமா, அல்லது எமது அழுக்கை வேறொருவர் தலையில் ஏற்றிவைத்ததா? கூட்டுவதும் கழுவுவதும் சின்ன விடயங்கள் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் எமது அயலவன் யார் என்ற பெரிய கேள்வி அந்தச் சின்ன விடயத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது.

கீழே இருப்பவர்

மலைநாட்டில் வாழும் எமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேல் லயத்துக் கானில் ஊற்றியது கீழ் லயத்து வாசலுக்கு வரும். அங்கிருந்து ஓடைக்குப் போகும். பதுளைப் பக்கத்து ஓடைகள் பல பதுளு ஓயாவில் சேர்கின்றன. அந்த ஆறுதான் 64 மீற்றர் உயரத்திலிருந்து துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாக விழுகிறது. பின்பு மகாவலியோடு கலந்து, திருகோணமலையில் கொட்டியாற்றுக் குடாவில் கடலை அடைகிறது. இந்த நீண்ட வழியில் எத்தனை பேர் குளிக்கிறார்கள், எத்தனை பேர் குடத்தில் மொள்ளுகிறார்கள், எத்தனை வயல்கள் குடிக்கின்றன! உங்கள் பீலிக்கரையில் கரைந்த சவர்க்காரத் தூள் அவர்கள் எல்லோரையும் நோக்கிப் புறப்பட்டுவிட்டது. தூளில் பொசுபேற்று இருந்தால், தேங்கிய நீரில் பாசிக்கு அது உரமாகிறது. பாசி மிஞ்சி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது, மீன் சாகிறது.

குப்பையின் கதையும் இதுவே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் பணம் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஆயினும், குப்பை வண்டி ஏறாத தோட்டப் பாதைகள் இன்னும் உண்டு. ஆகவே குப்பை கானுக்குள் விழுகிறது, அல்லது கொளுத்தப்படுகிறது. பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் எரித்தால் எழும் புகையில் டயொக்சின் போன்ற நஞ்சுகள் உண்டு. அடுப்பு மூட்டுவதற்கு ஒரு பொலித்தீன் துண்டைச் செருகும் பழக்கம் எம்மிடம் இருக்கிறதே, அந்த நஞ்சு முதலில் போவது அடுப்படியில் குந்தியிருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள்.

குப்பை வண்டி வரும் நகரத்தவர் மட்டும் நிம்மதி அடையலாமா? 2017 ஏப்ரல் 14ஐ நினைத்துப் பாருங்கள். அன்று புனித வெள்ளி. அன்றே சித்திரைப் புத்தாண்டு. நாடெங்கும் வீடுகள் கூட்டிப் பெருக்கிக் கழுவப்பட்டிருந்த நாள். அன்றுதான் கொழும்பு மீதொட்டமுல்லயில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரத்து வீடுகளிலிருந்து கூட்டி அள்ளியதெல்லாம் அந்த ஏழைகளின் கூரைக்கு அருகே குவிந்துகிடந்தது. அவர்கள்மேல் விழுந்தது யாருடைய அழுக்கு?

போத்தலில் வரும் சுத்தம்

மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால்தான் வீடு சுத்தம் என்று விளம்பரங்கள் எம்மை நம்பவைத்துவிட்டன. வாசனை வேறு, சுத்தம் வேறு. மலசலகூடத்துக்கு ஊற்றும் அசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று எண்ணி ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள். அதேபோல, தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வந்த வெற்றுக் கலன்களைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் அந்த நஞ்சு முற்றாகப் போய்விட்டதென்று நம்ப முடியாது.

சிறு சிறு பைக்கற்றுகளில் வாங்குவது எமது ஏழ்மையால் வந்த பழக்கம். 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சஷே பைக்கற்றுகள், உணவுக்கும் மருந்துக்கும் உரியவை நீங்கலாக, 2021 மார்ச் 31 முதல் தடைசெய்யப்பட்டன. சட்டம் ஒன்று வந்தது நல்லதே. ஆனால் நான்கு குடும்பங்கள் சேர்ந்து பெரிய போத்தல் ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்வதற்குச் சட்டம் தேவையில்லை, அயலுறவு போதும்.

எமது பாட்டிமார் செய்தவற்றில் அறிவு இருந்தது. அடுப்புச் சாம்பலில் காரம் உண்டு. அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஒருவகைச் சவர்க்காரமாகிறது. சாம்பலும் தேங்காய்த் தும்பும் இரும்புச் சட்டியின் எண்ணெயை எடுத்துவிடும். அலுமினியத்துக்கு மட்டும் அது ஆகாது. காரம் அதை அரிக்கும். பித்தளைக்குப் புளியோ எலுமிச்சம் தோலோ போதும். வினாகிரியில் நனைத்த துணி கண்ணாடியைத் துலக்கும். அப்பச்சோடா கறையைத் தேய்க்க உதவும். ஆடி, ஆவணியில் ஊவாவில் வீசும் வறண்ட காற்றுத்தான் எமது தேயிலைக்கு மணம் தருகிறதென்று உலகம் புகழ்கிறது. அந்தக் காற்றும் வெயிலும் பாய், தலையணைகளின் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் காசில்லாமல் போக்கித் தரும்.

இருந்தாலும், பழையதெல்லாம் நல்லதென்று சொல்ல மாட்டேன். சாணத்தில் கிருமிகள் இருக்கக்கூடும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது. மலசலகூடத்துக்குப் போய்வந்த கைக்குச் சவர்க்காரமே வேண்டும். சாம்பலும் தண்ணீரும் அதற்கு ஈடென்று இருந்துவிட வேண்டாம். விறகுப் புகை பழையதுதான். ஆயினும் வீட்டுக்குள் நிறையும் சமையற் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எது பழையது, எது புதியது என்பதல்ல கேள்வி. எது யாருக்குத் தீங்கு செய்யாதது என்பதே கேள்வி.

டெங்கு எமக்குக் கற்பித்த பாடமும் இதுதான். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்குமேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவாகினர். அந்த நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் வீசிய சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் பழைய டயரிலும் தேங்கும் தெளிந்த மழைநீரே அதற்குத் தொட்டில். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றிவந்து கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் நீங்கள் மட்டும் கவிழ்த்து, பக்கத்து வீட்டார் கவிழ்க்காவிட்டால் பயனில்லை. நுளம்புக்கு வேலி தெரியாது.

யார் கையால்?

தோட்டங்களில் வாசற்கூட்டி என்றொரு தொழிலாளி இருந்தார். லயத்துக் கான்களையும் கக்கூசுகளையும் சுத்தம் செய்தவர் அவரே. எமது அழுக்கைத் தன் கையால் அள்ளியவரை நாம் எங்கே நிற்கவைத்தோம்? எந்தக் கோப்பையில் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தோம்? அழுக்கைச் செய்தவர் சுத்தமானவர், அதை நீக்கியவர் அழுக்கானவர் என்று கணக்கு வைத்தோமே, அதைவிட அசுத்தமான ஓர் எண்ணம் உண்டா?

வீட்டுக்குள்ளும் ஒரு வாசற்கூட்டி இருக்கிறாள். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு ஓடி, நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்து, கூடையை இறக்கிவிட்டு வந்து, விளக்குமாற்றைக் கையில் எடுக்கும் தாய் அவள். வீடு சுத்தமாக இல்லை என்று அவளைக் குறைசொல்லும் ஆண்கள் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். அவளது முதுகை ஒடித்து வரும் சுத்தம், அழுக்கைக் கானில் ஊற்றியதற்குச் சமமே. அங்கே பாரம் கீழ் லயத்தின்மேல். இங்கே பாரம் அவள்மேல். மகனுக்கும் விளக்குமாறு பிடிக்கக் கற்பியுங்கள். அவன் கை தேய்ந்துவிடாது.

ஒரு நியாயமான மறுப்பு

“பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர், ஒரு பீலிக்குப் பத்துக் குடும்பம். எங்களுக்கா இந்த உபதேசம்?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது முற்றிலும் நியாயம். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். இன்னும் பல குடும்பங்கள் அதே லயங்களில்தான் வாழ்கின்றன. தண்ணீரும் கானும் மலசலகூடமும் சரியாகத் தராமல் வைத்துவிட்டு, தோட்டத்து மக்கள் அழுக்கானவர்கள் என்று சொல்வது வஞ்சகம். தருவதற்குக் கடமைப்பட்டவர்களிடம் அவற்றை உரத்துக் கேட்பதும் சுத்தம் பேணுவதன் ஒரு பகுதியே. வீட்டைக் கூட்டுவதோடு எமது பொறுப்பு முடிவதில்லை.

ஆனால், எமக்கு நீதி வரும்வரை கீழ் லயத்தாருக்கு நாம் நீதி செய்யாதிருக்கலாமா? மேலிருப்பவர் எம்மைக் கவனிக்கவில்லை என்று மனம் நோகும் நாம், எமக்குக் கீழே இருப்பவரைக் கவனிக்கத் தவறினால், அதே தவறைத்தானே செய்கிறோம்?

ஆகவே, அடுத்த திருநாளுக்கு வீட்டைக் கூட்டும்போது குப்பையை வாசற்படியோடு மறந்துவிடாதீர்கள். மக்கும் மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் கொல்லையில் ஒரு குழிக்குப் போகட்டும். கீரைப் பாத்திக்கு உரமாகும். மக்காததை வாங்குமுன்பே ஒருமுறை யோசியுங்கள். கழுவிய நீரைக் கானுக்கு விடுமுன் அந்தக் கான் எங்கே போகிறதென்று பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். அதன் முடிவில் ஒரு வாசல் இருக்கும். அந்த வாசலையும் யாரோ ஒரு தாய் இன்று காலை கூட்டியிருப்பாள்.