சொந்தக் காலில் நிற்கும் பிள்ளை



மே, ஜூன் மாதங்கள் வந்துவிட்டால் நம் வீடுகளில் நிம்மதி இருப்பதில்லை. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், சிபாரிசுக் கடிதம் என்று அலைகிறோம். அப்படி அலைந்து ஓய்ந்த ஒரு தகப்பனார், தொட்டியத்தில் வாழைக்கொல்லை குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறவர், பூசை முடிந்து வெளியே வரும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"நன்றாகப் படி, உழைப்புக்குத் தக்க பலன் உண்டு என்று சொல்லித்தான் என் மகனை வளர்த்தேன். அவனும் படித்தான். பக்கத்து வீட்டுப் பையன் நாமக்கல் பக்கம் பணம் கட்டி விடுதியில் தங்கிப் படித்தான். அவனுக்கு இடம் கிடைத்தது, இவனுக்குக் கிடைக்கவில்லை. 'நீங்கள் சொன்னது பொய்தானே, அப்பா?' என்கிறான். நான் என்ன பதில் சொல்வது?"

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. நம்மில் பலர் வாய்விட்டுக் கேட்காமல் மனத்திலே வைத்திருக்கும் கேள்வி. ஆகையால் இதைச் சற்றுச் சிந்திப்போம்.

இத்தகைய வேளையில் பெற்றோர் வழக்கமாக இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்லுகிறார்கள். "எல்லாம் பணம், சிபாரிசு, ஏழைக்கு எங்கே இடம்?" என்பது ஒன்று. "நீ ஒழுங்காகப் படித்திருந்தால் கிடைத்திருக்கும்" என்பது மற்றொன்று. முதற் பதிலைக் கேட்ட பிள்ளை, இனி முயன்று என்ன பயன் என்று கையைக் கட்டிக்கொள்கிறது. இரண்டாவதைக் கேட்ட பிள்ளையோ, ஊரார் செய்த குற்றத்தையும் தன் தலைமேல் சுமந்துகொள்கிறது. இரண்டும் பாதி உண்மைகள். பாதி உண்மையைக் கொண்டு பிள்ளையை வளர்க்க முடியாது.

அந்தச் சுமை எவ்வளவு பாரமானது என்பதை நம் நாடு ஒரு முறை கண்ணீரோடு கண்டது. அரியலூர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளியின் மகள் அனிதா, 2017-ல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றாள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அதில் அவளுக்கு 720-க்கு 86 மதிப்பெண்ணே வந்தது. உச்ச நீதிமன்றம் வரை சென்று பார்த்தாள். செப்டம்பர் முதல் நாள் அந்தப் பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அறிவில்லாதவளா? உழைக்காதவளா? இல்லை. ஒரு பரீட்சைக்கென்று பல ஆண்டு உழைத்தவளிடம் வேறொரு பரீட்சையின் அளவுகோல் நீட்டப்பட்டது. அந்த அளவுகோலுக்குப் பழகுவதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பணம் வேண்டும். ஒரு கல்லூரி இடம் ஒரு பிள்ளையின் விலை அன்று என்பதைப் பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு சொன்னால் அது வெறும் ஆறுதலாகவே காதில் விழும்.

அப்படியானால் சொந்தக் காலில் நிற்பது என்றால் என்ன? யாருடைய துணையும் இன்றி நிற்பதா? நம் கொல்லைகளைப் பாருங்கள். தார் தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம். காற்று மாதத்தில் முட்டில்லாத மரம் தாரோடு சாய்ந்துவிடும். அதற்காக அந்த மரத்தைச் சோம்பேறி மரம் என்று யாரும் சொல்வதில்லை. தார் மரத்தினுடையது, முட்டு நாம் கொடுத்தது. தார் தள்ளாத மரத்துக்கு முட்டுக் கொடுத்தும் பயனில்லை. முயற்சியும் உதவியும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

2020-ஆம் ஆண்டில் நம் மாநிலம் சட்டம் இயற்றி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்விலும் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத இடம் ஒதுக்கியது. 2021-ல் பொறியியல் முதலிய தொழிற்கல்விகளுக்கும் அது வந்தது. இதைப் பெறுவது பிச்சை அன்று. முன்பே சாய்ந்திருந்த தராசைச் சற்று நிமிர்த்தும் காரியம். நம் மாவட்டத்திலேயே துறையூரை அடுத்த பச்சைமலைப் பழங்குடிப் பெண் ஒருத்தி, கூலி வேலைக்கும் போய்க்கொண்டு அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்து, 2024-ல் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தாள். உழைப்பு அவளுடையது. ஆசிரியர்கள் கைகொடுத்தார்கள், செலவை அரசு ஏற்றது. இதில் எதைக் கழித்தாலும் அவள் அங்கே சேர்ந்திருக்க முடியாது. ஆகவே தன் உரிமை இன்னதென்று அறிந்து, அதை வெட்கமின்றிக் கேட்டுப் பெறுவதும் சொந்தக் காலில் நிற்பதுதான்.

இனி நம்மையும் பார்த்துக்கொள்வோம். நமக்கும் அநீதி உண்டு. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு என்று வைத்தது, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஒரே தெருவில், ஒரே இழிவைச் சுமந்த இரு குடும்பங்களில், நம் வீட்டுப் பிள்ளை பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் நிற்கிறது. இதை எடுத்துச் சொல்லவும், மாற்றக் கேட்கவும் நமக்கு முழு நியாயம் உண்டு.

ஆனால் நமக்குச் சாதகமான வாசல்களும் உண்டு என்பதை மறக்கலாமா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்தோர் பிள்ளைகளுக்கு வைக்கச் சொல்லிற்று. அது சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் மனச்சாட்சிதான் கேட்க வேண்டும். சுவாமியாரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நம் பள்ளி வாசலில் நாம் நிற்கும்போது, கடிதம் வாங்க வழியில்லாத ஒரு தாயும் தன் பிள்ளையோடு அங்கே நிற்கிறாள். நமக்குக் கிடைத்தால் கடவுள் கிருபை, பிறருக்குக் கிடைத்தால் சிபாரிசு என்று பேசலாமா? உரியதைப் பெறுவதில் பாவம் இல்லை. ஆனால் பொய்யான வருமானச் சான்றிதழ் காட்டி வாங்கிய இடம் மற்றொரு பிள்ளையின் இடம். அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளை, அன்று கற்றுக்கொள்ளும் பாடத்தை எந்தப் பள்ளியும் பிறகு அழிக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஒன்பதாம் வகுப்பு முதலே விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். தவறினால் திருத்திக் கொடுங்கள், பிடுங்கி நீங்கள் எழுதவேண்டாம். இ-சேவை மையத்துக்கும் அலுவலகத்துக்கும் உடன் செல்லுங்கள். பேசுவது பிள்ளையாக இருக்கட்டும். எந்தச் சலுகைக்கு என்ன தகுதி, கடைசி நாள் எது என்று அதுவே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரே படிப்பை நம்பி இராமல் இரண்டாவது, மூன்றாவது வழியையும் முன்னதாகவே பேசி வையுங்கள். கீழ்வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு வாரம் இரு மாலை பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். முட்டு வாங்கியவன் முட்டுக் கொடுக்கவும் பழக வேண்டும் அன்றோ?

அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஐயா, மகனிடம் மறைக்காமல் பேசுங்கள். 'தம்பி, நான் சொன்னது பாதிதான். உழைத்தவனுக்கெல்லாம் உரிய பலன் கிடைக்கும்படி நம் ஊர் இன்னும் அமையவில்லை. அதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் நீ படித்த படிப்பு உன்னிடம் இருக்கிறது. அதை எவரும் எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த வழியை நாம் சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லுங்கள்."

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். "பாதிதான் சொன்னேன் என்று பிள்ளையிடம் ஒப்புக்கொள்வது எளிதில்லையே" என்றார். எளிதில்லைதான். ஆனால் தகப்பன் தன் தவறை ஒப்புக்கொள்ளக் கண்ட பிள்ளை, தன் தோல்வியை ஒப்புக்கொள்ளவும், மறுநாள் எழுந்து நடக்கவும் கற்றுக்கொள்ளும். இந்த வாரம் உங்கள் வீட்டில் இதைப் பேசிப் பாருங்கள்.