அறிவிப்புப் பலகையும் கரும்பலகையும்

பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிக்கொண்டிருக்கிறான் ஒரு சிறுவன். வழியில் ஊர் மன்றத்தின் அறிவிப்புப் பலகை முன் கூட்டம் கூடி நிற்கிறது. இரண்டாண்டுகளாகத் தோல்விச் செய்திகளெல்லாம் அந்தப் பலகை வழியாகத்தான் ஊருக்கு வந்துகொண்டிருந்தன. இன்று என்ன செய்தியோ என்று ஒரு கணம் எண்ணுகிறான்; ஆயினும் நிற்காமல் ஓடிவிடுகிறான். வகுப்பறைக்குள் நுழைந்த பிறகுதான், தான் நின்று படிக்காமல் விட்ட செய்தி தனக்கு முன்பே அங்கு வந்து அமர்ந்திருப்பதை அவன் அறிகிறான். மறுநாள் முதல் அப்பள்ளியில் ஜெர்மன் மொழியே கற்பிக்கப்படும். பிரெஞ்சு மொழிக்கு அன்றே கடைசிப் பாடம்.

1870-71 ஆம் ஆண்டுப் போரில் தோற்ற பிரான்சு, அல்சாஸ் பகுதியை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்த துயரத்தை வைத்து அல்ஃபோன்ஸ் தோதே எழுதிய கதை இது. 1873-இல் நூலாக வந்த தொகுதியில் இடம்பெற்ற இக்கதை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 2019-இல் தமிழ்நாட்டில் அறிமுகமான பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. சென்னை மாணவனும் அதைப் படித்தான்; ஜவ்வாது மலை மாணவனும் படித்தான். இருவரும் ஒரே கதையைத்தான் படித்தார்களா என்பதே நம் மனத்தில் எழும் கேள்வி.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடப்பது. ஜமுனாமரத்தூர் அதன் நடுவூர். அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. கேரளத்தாரோடு அதனை மயங்குதல் கூடாது. அவர்கள் பேசுவது தமிழே. தமக்கென ஓர் ஒலியும் வழக்கும் கொண்ட தமிழ். சாமை விதைத்தும் தேனும் கடுக்காயும் புளியும் சேர்த்தும் வாழும் அம்மக்கள், மலை தரும் வருவாய் போதாதபோது கூலி தேடிக் கீழே இறங்குகிறார்கள். அவர்தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், வீட்டிலும் சந்தையிலும் காதில் விழாத மொழி. பாடநூலின் வழியாக மட்டுமே வாய்க்கும் மொழி.

இனி, அந்த மலைக்கு வந்த ஓர் அறிவிப்பைப் பார்ப்போம். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், அன்றைய சித்தூர் மாவட்ட எல்லைக்குள், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். அவர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். மரம் வெட்ட வந்தவர்கள் கல்லாலும் கோடரியாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்றது காவல்துறை. பிடித்துச் சென்று கொன்றுவிட்டார்கள் என்றனர் மனித உரிமை அமைப்பினர். தேசிய மனித உரிமை ஆணையமும் தலையிட்டது. செம்மரம் கடல் கடந்து கிழக்காசியச் சந்தைகளில் பெருவிலை பெறும் பொருள். வெட்டியவன் கைக்குக் கூலி. விற்றவன் கைக்குச் செல்வம். குண்டு மட்டும் வெட்ட வந்தவன் மார்புக்கு.

அன்று மடியில் கிடந்த குழந்தைகள் பின்னர் உயர்நிலைப் பள்ளிப் பருவத்தை எய்தினர். அவர்களுள் ஒருவன், அல்லது ஒருத்தி, ‘கடைசிப் பாடம்’ நடத்தப்படும் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அறிவிப்புப் பலகை என்னும் சொல்லை ஆசிரியர் விளக்குகிறார். தொலைவிலிருந்து வந்து ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடும் செய்தி எத்தகையது என்பதை அந்தப் பிள்ளைக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆசிரியருக்குத்தான் அந்தப் பிள்ளை விளக்கக்கூடும். அவர் இப்போது என்ன செய்தல் வேண்டும்? இலக்கிய வகுப்புக்குள் நாட்டு நடப்பைக் கொண்டுவரலாமா? கொண்டுவந்தால் எவ்வாறு?

‘கூடாது’ என்பது முதல் விடை. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. மலைப் பிள்ளைக்கு மதிப்பெண்ணே ஏணி; அந்த ஏணியை ஆட்டிப்பார்க்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லை. நாட்டு நடப்பு என்று தொடங்கினால் கட்சி வரும், பகை வரும், பெற்றோரின் குறை வரும். இலக்கியமோ காலங்கடந்தது, நேற்றைய செய்தித்தாள் இன்று பொட்டலம் மடிக்கும் தாள். இவ்வாறெல்லாம் கூறுவோர் உண்டு.

ஆனால், ஒன்றை மறக்கலாகாது. மௌனமும் ஒரு பாடமே. அல்சாஸ் மக்களின் இழப்புக்கு உருகுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தம் மலையின் இழப்பைப் பற்றி வாய் திறவாதிருந்தால் அந்தப் பிள்ளை என்ன கற்கும்? நூலில் ஏறுவதற்குத் தகுதியுள்ள துன்பம் ஒன்று, தகுதியில்லாத துன்பம் ஒன்று எனத் துன்பத்திலும் இரண்டு சாதி உண்டு என்றே கற்கும். இதை எந்தப் பாடத்திட்டமும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் இதுவே ஆழமாகப் பதியும்.

‘கட்டாயம் கொண்டுவர வேண்டும், ஆசிரியர் தம் தீர்ப்பை உரக்கக் கூற வேண்டும்’ என்பது இரண்டாம் விடை. இதன் குறையை ஒரு நாவலே நமக்குக் காட்டுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்னும் நாவலில், வாரந்தோறும் நாட்டு நடப்பு பேசும் வகுப்பொன்று வருகிறது. ஒரு மாணவன் ஹிட்லர் யூதர்களைக் கொடுமைப்படுத்தும் செய்தியைக் கூறுகிறான். ஆசிரியை மனமுருகி, நம் நாட்டில் நாம் எவரையும் துன்புறுத்துவதில்லை எனப் பெருமையோடு சொல்லிக்கொடுக்கிறார். அதே ஆசிரியை, குற்றமற்ற கறுப்பின மனிதன் ஒருவனின் வழக்கு முடிந்து நீதிமன்றப் படியிறங்கும்போது அவன் இனத்தாரைப் பற்றி இகழ்ந்து பேசியதைக் கேட்டிருந்த சிறுமிக்கு, இது புரியாத புதிராகிறது. தொலைவிலுள்ள கொடுமையைக் காண்பதற்குக் கண் போதும். பக்கத்திலுள்ள கொடுமையைக் காண்பதற்கு மனச்சான்றும் வேண்டும்.

அவ்வகுப்பிலேயே இன்னொரு சிறு காட்சியும் உண்டு. செய்தித்தாள் வாங்க வசதியில்லாத நாட்டுப்புறப் பிள்ளைகள் எதைக் கொண்டுவருவது என்றறியாமல் திகைக்கிறார்கள். ஒரு சிறுவன் செய்தி என்று நம்பி விளம்பரம் ஒன்றைக் கூறத் தொடங்க, ஆசிரியை பாதியில் நிறுத்திவிடுகிறார். மாடுகளைப் பற்றி அவன் பெற்றிருந்த பட்டறிவுக்கு அந்த வகுப்பில் இடமில்லை. நம் மலை வகுப்பில் இத்தவறு நிகழலாகாது. இவ்வாண்டு சாமை ஏன் பொய்த்தது, புளியை இடைத்தரகன் என்ன விலைக்கு எடுத்தான், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலப் பட்டா கிடைத்த வீடு எது, கிடைக்காத வீடு எது ஆகிய இவையெல்லாம் நாட்டு நடப்பல்லாமல் வேறென்ன? டில்லியில் நடந்தால்தான் செய்தி என்று யார் விதித்தது?

எனில், மூன்றாம் வழி யாது? ஆசிரியர் தம் முடிவை மாணவன் தலையில் சுமத்தாமல், முடிவுக்கு வரும் முறையைக் கற்பிப்பதே அது. இங்கேதான் ஆங்கில வகுப்புக்கென்று ஒரு தனிப் பணி இருப்பதாக நாம் கருதுகிறோம். 2015-ஆம் ஆண்டின் அந்நிகழ்ச்சியைப் பற்றி வந்த ஆங்கிலச் செய்திகளை எடுத்துக்கொள்வோம். இறந்தவர்களை ‘ஸ்மக்லர்’ என்று ஒரு தாள் எழுதும். ‘வுட்கட்டர்’ என்று மற்றொன்று எழுதும். ‘லேபரர்’ என்று இன்னொன்று எழுதும். கடத்தல்காரன், மரம்வெட்டி, கூலியாள் ஆகிய மூன்று சொல்லும் குறிப்பது ஓர் உடலையே. ஆனால், முதற் சொல்லைப் படித்தவன் கண் கலங்குவதில்லை. மூன்றாம் சொல்லைப் படித்தவன் வழக்கு என்னவாயிற்று என்று கேட்கிறான். ‘என்கவுன்ட்டர்’ என்னும் சொல்லுக்கு அகராதி தரும் முதற்பொருள் எதிர்ப்படுதல் என்பதே. நம் நாட்டுச் செய்தித்தாளில் அது காவல்துறையினர் சுட்டுக் கொல்லுதல் எனப் பொருள்படுகிறது. ஒரு சொல் இவ்வளவு தூரம் எப்படி நடந்து வந்தது என்று பதினைந்து வயதுப் பிள்ளை கேட்கக் கற்றுக்கொண்டால், அது இலக்கணமும் ஆகும், அறமும் ஆகும். கவிதையில் ஒரு சொல்லை ஏன் கவிஞன் தேர்ந்தான் எனக் கேட்கும் பழக்கமே செய்தியிலும் கேட்கும் பழக்கமாக வளர்கிறது.

சொல்லை ஆராய்ந்த பின் சொன்னவரை ஆராய்தல் வேண்டும். நம் முன்னோர் இக்கலையில் வல்லவர்கள். ஹதீஸ் தொகுத்த பெருமக்கள் ஒரு செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் ஏற்றதில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்திருக்கக் கூடுமா, அவர் நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என்று ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்த்தார்கள். அறிவிப்பாளர் தொடரின் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அதனை வெளிப்படையாகக் குறித்து வைத்தார்கள். கைப்பேசியில் வந்த செய்தியை மறு நொடியே பத்துப் பேருக்கு அனுப்பிவிடும் இந்நாளில், ஜமுனாமரத்தூர் மாணவனுக்கும் திருவல்லிக்கேணி மாணவனுக்கும் வேண்டுவது இந்தப் பொறுமையே. காவல்துறை சொன்னது என்ன, உறவினர் சொன்னது என்ன, நேரில் கண்டவர் யார், வெறுமனே கேட்டவர் யார் என்று பிரித்தெழுதும் பயிற்சி, கட்டுரைப் பயிற்சியும் ஆகுமன்றோ?

இவ்வுரைகல்லில் இலக்கியத்தையும் உரைத்துப் பார்த்தல் நேர்மை. தோதேயின் கதையில் வரும் ஆசிரியர் பிரெஞ்சு மொழியை அம்மக்களின் சொந்த மொழியாகக் கொண்டு கண்ணீர் விடுகிறார். வரலாறோ, அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மானியக் கிளைமொழி ஒன்றையே என்கிறது. அவ்வாறாயின் அச்சிறுவனுக்குப் பிரெஞ்சும் பள்ளியில் வந்த மொழியாக இருந்திருக்கலாம். இதனால் கதையின் துயரம் பொய்யாகிவிடாது. ஒரு மக்கள் எதைக் கற்க வேண்டும் என்பதை வென்றவன் கட்டளையிடுவது கொடுமையே. எனினும், ஒரு கதை எதைக் கூறுகிறது என்பதோடு எதைக் கூறாமல் விடுகிறது என்பதையும் மாணவன் காண வேண்டும். வீட்டில் ஒரு தமிழும் நூலில் ஒரு தமிழும் தேர்வில் ஓர் ஆங்கிலமுமாக வாழும் மலைப் பிள்ளை, இந்த நுட்பத்தை நகரத்துப் பிள்ளையைவிட விரைவில் பிடித்துக்கொள்ளும் என்பது நம் நம்பிக்கை.

இவ்வளவும் கூறிய பின், ஓர் எல்லைக்கோட்டையும் நாம் வரைந்தாக வேண்டும். பிள்ளையின் துயரம் ஆசிரியரின் பாடப்பொருளன்று. ‘உன் தந்தையைப் பற்றிச் சொல்’ என்று வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்துவது, எத்துணை நல்லெண்ணத்தோடு செய்தாலும், வன்முறையே. இலக்கியத்தின் அருமை இங்குதான் விளங்குகிறது. செய்தி, ‘இது நீ’ என்று விரல் நீட்டுகிறது. கதையோ, ‘இது எங்கோ ஒருவன்’ என்று தள்ளி நின்று பேசுகிறது. அந்த இடைவெளியில் பிள்ளை தன் துயரத்தை வைத்துப் பார்க்கலாம், வைக்காமலும் இருக்கலாம். அல்சாஸ் சிறுவனுக்காக அழுவதுபோல் தனக்காக அழுது கொள்ளலாம். அருகிலிருப்பவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பேசும் உரிமையைத் தருவதோடு பேசாதிருக்கும் உரிமையையும் தருபவரே நல்லாசிரியர்.

மேலும், மலைக்கு வரும் செய்தியெல்லாம் சாவுச் செய்தியாகவே இருந்துவிடலாகாது. அம்மலையின் காவலூரில் 1968 முதல் வானை நோக்கித் தொலைநோக்கிகள் விழித்திருக்கின்றன. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உணர்த்திய பதிவுகளுள் காவலூரின் பதிவும் ஒன்று. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி அங்கு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில், புலியூரை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் மலையாளிப் பழங்குடிப் பெண், மகப்பேறு முடிந்த சில நாள்களிலேயே எழுதிய உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தியை நாடே படித்தது. மலையிலிருந்து நீதிமன்றத்துக்குக் குற்றம் சாட்டப்பட்டவராகவே இறங்கியவர்கள் உண்டு; அதே மலையிலிருந்து நீதி வழங்கும் இருக்கைக்கு ஒருத்தி ஏறினாள். இரு செய்திகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் வகுப்பே முழுமையான வகுப்பு. ஒன்றை மட்டும் படித்தால் கசப்பு மிஞ்சும். மற்றொன்றை மட்டும் படித்தால் ஏமாற்றே மிஞ்சும்.

மதிப்பெண் என்னாகும் என்று கேட்போருக்கு நம் மறுமொழி எளியது. வாரத்தில் ஒருநாள், ஒரு பாடவேளையின் ஒரு பகுதி போதும். நான்கு வரிச் செய்தியைத் தன் சொல்லில் ஆங்கிலத்தில் எழுதக் கற்றவன் தேர்வுத்தாளின் முன் அஞ்சமாட்டான். எழுதுவதற்குத் தன்னிடம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கை, எத்தனை வினாவிடை நூல்களாலும் வருவதன்று.

கதையின் ஆசிரியர் கடைசி நாளில் தம் குறைகளையும் ஒப்புக்கொள்கிறார். பாடத்தைவிட்டுத் தோட்டத்துக்கு நீர் ஊற்றப் பிள்ளைகளை அனுப்பியதையும், மீன் பிடிக்க விரும்பிய நாளில் விடுமுறை விட்டதையும் நினைத்து வருந்துகிறார். கடைசிப் பாடம் என்று தெரிந்த பிறகு வந்த நேர்மை அது. நாமோ எது கடைசிப் பாடம் என்று அறியாதவர்கள். பத்தாம் வகுப்போடு நின்று, கூலி வண்டியில் ஏறப்போகும் பிள்ளைக்கு இன்று நடப்பதே கடைசி இலக்கிய வகுப்பாக இருக்கலாம். அவன் இறங்கும் ஊரில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அவனுக்கு ஒரு பெயர் சூட்டுவார்கள். அந்தக் காகிதத்தைப் படிக்கவும், அந்தப் பெயரை மறுக்கவும் தெரிந்தவனாக அவனை அனுப்பிவைக்க வேண்டாமா?

ஊர் மன்றத்துப் பலகையை நின்று படிக்காமல் ஓடிய சிறுவனைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பலகையைப் படிக்கக் கற்பிக்க வேண்டிய பொறுப்பு கரும்பலகையின் முன் நிற்பவருடையது.