கை யாருடையது

எங்கள் செஞ்சிப் பக்கம் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், துகில் கூத்து நடக்கிற ராத்திரி ஊரே விழித்திருக்கும். துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர், சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிப் பாஞ்சாலியைக் கும்பிட்டு, பொறுத்துக்கொள்ளச் சொல்லி வேண்டிக்கொள்வார். பாஞ்சாலியாக நிற்பவரும் ஆண்தான். பகலெல்லாம் கூடவே உட்கார்ந்து பீடி குடிக்கிற கூட்டாளிதான். என் பெரியப்பா அந்தத் துச்சாதன வேஷக்காரர். "எல்லாம் வேஷம்தானே பெரியப்பா, எதுக்குக் கும்பிடணும்?" என்று சிறுவயதில் கேட்டேன். தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்தபடி, "வேஷம் அவனுது. கை என்னுதுடா" என்றார்.

வேதாந்தம் படித்தவர்கள் பலரிடம் பின்னாளில் பேசியிருக்கிறேன். செய்பவன் யார், செயலின் பழி யாரைச் சேரும் என்ற கேள்வியை இவ்வளவு சுருக்கமாக யாரும் என் முன்னால் வைத்ததில்லை. அதற்கு வேறொரு பதில் உண்டு என்று காட்டியவர் தீஜன் பாய். பிழைப்புக்காக நான் போன பிலாய் ஊரில்தான் அவரைப் பார்த்தேன்.

பிலாய் உருக்காலையின் ரயில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தீஜன் பாயும் அதே ஆலையின் சம்பளப் பட்டியலில் இருந்தவர். அதனால் எங்களுக்கு அவர் 'நம்ம கம்பெனி ஆள்'. டவுன்ஷிப்பில் ஏதாவது விழா என்றால் அவருடைய பாண்டவானி இருக்கும். பாண்டவர் கதையைச் சத்தீஸ்கரி மொழியில் பாடியும் பேசியும் ஆடியும் சொல்கிற கலை அது. வியாசரைவிட அங்கே பீமனுக்கு மதிப்பு அதிகம்.

பிலாய்க்குப் பக்கத்தில் கனியாரி கிராமத்தில் 1956-ல் பிறந்தவர். பார்தி சமூகம். பறவை பிடித்துப் பிழைத்த மக்கள். வெள்ளைக்காரன் 1871-ல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் இப்படிப்பட்ட நாடோடிச் சமூகங்களைத்தான் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியல் போட்டது. பள்ளிக்கூடம் போகவில்லை. தாய்வழித் தாத்தா பிரிஜ்லால், சபல் சிங் சௌஹான் இந்தியில் எழுதிய மகாபாரதத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். பேத்தி கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டாள். நமக்கு வில்லிபுத்தூரார் எப்படியோ, அந்தப் பக்கத்துக் கதை சொல்லிகளுக்குச் சௌஹான் அப்படி. பன்னிரண்டு வயதில் கல்யாணம். பெண்பிள்ளை பாண்டவானி பாடுவதா என்று சாதிக்காரர்கள் தள்ளி வைத்தார்கள். தனியாக ஒரு குடிசை போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தில் பாத்திரமும் சாப்பாடும் கடன் வாங்கிக் காலம் தள்ளினார். பாட்டை விடவில்லை. பதின்மூன்றாவது வயதில் சந்திரகுரி கிராமத்தில் முதல் மேடை. கூலி 10 ரூபாய். பிறகு நாடகக்காரர் ஹபீப் தன்வீர் கண்ணில் பட்டது, இந்திரா காந்தி முன்னால் பாடியது, ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடரில் வந்தது, வெளிநாடுகள், 2003-ல் பத்ம பூஷண், 2019-ல் பத்ம விபூஷண். விருதுகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எனக்கு அந்தத் தள்ளிவைப்புதான் முக்கியம்.

ஏனென்றால் பெண்கள் பாண்டவானியே பாடக்கூடாது என்று இருந்ததில்லை. அதில் இரண்டு மரபுகள் உண்டு. வேதமதி என்பது உட்கார்ந்து பாடுவது, புத்தகத்தை ஒட்டிச் சொல்வது. அதில் பெண்களுக்கு இடம் இருந்தது. காபாலிக் என்பது நின்று, நடந்து, பாத்திரமாகவே மாறிச் சொல்வது. அது ஆண்களுடையது. பதின்மூன்று வயதுப் பெண் எழுந்து நின்றதுதான் குற்றம். இதை வெறும் ஆண்பிள்ளைத் திமிர் என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. திமிர் இருந்தது, சந்தேகமில்லை. அதோடு ஒரு பயமும் இருந்திருக்கிறது. உட்கார்ந்திருப்பவள் 'பீமன் அடித்தான்' என்று சொல்கிறாள், நின்றவள் அடிக்கிறாள். செய்தி சொல்பவருக்கும் செய்பவருக்கும் நடுவில் இருக்கிற வேலி, எழுந்து நின்றதும் போய்விடுகிறது. எங்கள் பெரியப்பா கற்பூரம் ஏற்றியதும் அதே வேலி போய்விடுமோ என்ற பயத்தில்தான்.

தீஜன் பாய் மேடைக்கு வரும்போது கையில் ஒரு தம்பூரா இருக்கும், மயில்தோகை கட்டியது. மற்றக் கையில் கர்தால். பின்னால் ஆர்மோனியம், தபலா, டோலக். கிருஷ்ணனுக்கு ஒரு ஜே போட்டுவிட்டு ஆரம்பிப்பார். குரல் கரகரப்பானது, ஆண்குரலுக்குப் பக்கத்தில் நிற்பது. அவர் பெயர் சொன்னாலே ஜனங்கள் கேட்பது துச்சாதன வதம். சபையில் சேலை இழுத்தவனைப் பதினேழாம் நாள் போரில் பீமன் நெஞ்சைப் பிளந்து ரத்தம் குடிக்கிற கட்டம். தம்பூராவைத் தோளில் சாய்த்தால் அது கதாயுதம். அதையே முன்னால் நீட்டிப் பிடித்துச் சுண்டினால் துச்சாதனன் இழுக்கிற சேலை. கொஞ்சம் தாழ்த்திக் கையால் நீவினால் விரித்துப் போட்ட கூந்தல்.

நான் கவனித்தது இதை: துச்சாதனனை அவர் கேலிப்பொருள் ஆக்கவில்லை. அவன் சபையில் எகத்தாளமாகப் பேசும்போது கூட்டம் அவனோடு சேர்ந்து சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். சிரித்த வாய் மூடுவதற்குள் அவர் பாஞ்சாலியாகத் திரும்பிவிடுவார். அடுத்து பீமன். நெஞ்சைப் பிளக்கிற கையும் பிளக்கப்படுகிற நெஞ்சும் ஒரே உடம்பில். யார் பக்கம் நின்று ஆத்திரப்படுவது என்று தெரியாமல் போகும். பழி தீர்ந்தது என்று கைதட்டத் தொடங்கினால், அடிபட்டவனும் அந்த அம்மாள்தானே என்று கை பாதியில் நிற்கும்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்வது எல்லோருக்கும் தெரியும்: ஆத்மா கொல்வதும் இல்லை, கொல்லப்படுவதும் இல்லை. பெரியவர்கள் மன்னிக்கட்டும், எனக்கு அது ஒருநாளும் இறங்கியதில்லை. வில்லைப் பிடித்தவனுக்குத்தான் அந்த ஆறுதல் உதவும். அம்பு பட்டவனுக்கு அதில் என்ன இருக்கிறது? 'செய்வது நீ இல்லை' என்று சொல்லிவிட்டால் பெரியப்பாவின் கையும் இல்லாமல் போய்விடும். தீஜன் பாயின் மேடையில் நான் பார்த்தது நேர் எதிரானது. யாரும் செய்யவில்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இழுத்தவன், இழுபட்டவள், கொன்றவன், செத்தவன், எல்லாவற்றையும் ஒருத்தியே ஏற்று, அதற்கு வேர்வையும் சிந்தினாள். இதுவும் அத்வைதம்தான் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் இந்த அத்வைதத்தில் யாருக்கும் விடுதலைப் பத்திரம் கிடைப்பதில்லை.

பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்ததையும் இந்தப் பெண்ணைச் சாதியைவிட்டு வெளியே தள்ளியதையும் இணைத்து எழுதுவது சுலபம். பலர் எழுதியும் விட்டார்கள். எனக்கு அது போதவில்லை. தன் வழக்கைத்தான் சொல்கிறார் என்றால் அவர் பாஞ்சாலியோடு நின்றிருப்பார், துச்சாதனனுக்கு இவ்வளவு உயிர் கொடுத்திருக்க மாட்டார். அநியாயம் பட்டவர், அநியாயம் செய்கிறவனின் தோளுக்குள்ளும் போய்ப் பார்க்க முடியும் என்பது எனக்குத் தெரிந்த எந்தத் தர்ம சாஸ்திரத்திலும் வராத விஷயம்.

தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பந்தயம் வைக்க உரிமை உண்டா என்று பாஞ்சாலி கேட்டாள். தர்மத்தின் வழி நுட்பமானது என்று பீஷ்மர் நழுவினார். விகர்ணனையும் விதுரனையும் விட்டால் மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பாண்டவானியில் அப்படித் தரையைப் பார்க்க வழியில்லை. ராகி என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கதை சொல்பவர் ஒரு வரி சொன்னதும் 'ஹௌ' போட வேண்டும், சந்தேகம் கேட்க வேண்டும், வியக்க வேண்டும், சில சமயம் மடத்தனமாகவும் பேச வேண்டும். அவர் பதில் சொல்லாவிட்டால் கதை நகராது. ஒருமுறை சேலை இழுக்கிற கட்டத்தில் ராகி, "அத்தனை பெரியவங்க இருந்தாங்களே, ஒருத்தரும் எழுந்திரிக்கலையா?" என்று கேட்டார். தீஜன் பாய் தம்பூராவைத் தாழ்த்தி, திரும்பி அவரையே பார்த்து, "நீ உட்கார்ந்துதானே இருக்க?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராகி எழுந்திருக்கவில்லை; ஆர்மோனியக்காரர் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.