குருதி கூறும் சொல் யாருக்கு உரியது?

ஒருவருக்கு வரவிருக்கும் நோயை, அது வெளிப்படுமுன் அவரிடம் கூறுவது அறமா? சோதிடரை நோக்கிக் கேட்கத்தக்க இவ்வினா இன்று மருத்துவ ஆய்வுக்கூடத்தை நோக்கி எழுந்துள்ளது.

1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விளக்கியெழுதிய நடுக்குவாதத்தை நாமறிவோம். நடுக்கம் ஒன்றே அதன் அடையாளமன்று. நடை தளரும், முகம் உணர்ச்சி காட்டாது, கையெழுத்து எழுத எழுதச் சிறுத்துப் போகும். (மாணவர் கையெழுத்தைத் திருத்தும் நாம் நம் கையெழுத்தைக் கவனிப்பது அரிது!) இவை தோன்றும்போது, மூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்களுள் கணிசமானவை அழிந்திருக்கும்.

மருத்துவரின் கண்ணும் பட்டறிவுமே இந்நோயை நெடுங்காலம் உறுதிசெய்து வந்தன. 2023இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஆல்பா சினுக்ளின் என்னும் புரதம் பிறழ்ந்து மடிந்து உண்டாகும் நுண்வித்துகளை நோயாளிகளின் குருதியிலேயே கண்டு காட்டினர். அறிகுறி தோன்றுமுன்பே நோயைக் குருதியிற் காண்பதே இத்தகைய ஆய்வுகளின் நாட்டம். ஆனால், கண்டபின் தடுப்பதற்கு மருந்தில்லை. பூனைக்காலி விதையிலிருந்து தாமோதரனும் இராமசாமியும் 1937இல் சென்னையில் பிரித்தெடுத்த லெவோடோபா, 1960களில் இந்நோய்க்கு மருந்தாயிற்று. இன்றும் அதுவே தலையாய மருந்து. அது துன்பத்தைத் தணிக்கும்; நோயை நிறுத்தாது.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று மகன் முன்னதாகவே சென்று கேட்டுக்கொள்வான். அதில் அன்பு இருப்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கையும் காலும் திடமாயிருக்கும் தந்தைக்கு வரப்போவதை மகன் அறிந்து, தந்தை அறியாதிருப்பது முறையாகுமா? வீட்டையும் நிலத்தையும் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அவரல்லரோ? அதேவேளை, "எனக்குத் தெரிய வேண்டாம்" என்று அவரே கூறுவாராயின், அதையும் கோழைமை என்று தள்ளிவிடலாகாது. அறியாதிருக்கும் உரிமையும் அவருடையதே. பிறர் அவருக்காக அதைத் தேர்வதுதான் எனக்கு உடன்பாடன்று.

காம்பாரைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களை எண்ணும்போது இவ்வினா மேலும் கனக்கிறது. மலேசியத் தோட்டங்களில் முதுகில் கலனைச் சுமந்து களைக்கு மருந்தடித்தோருள் பெண்கள் மிகப்பலர். அவர்கள் தெளித்தவற்றுள் பாராகுவாட் ஒன்று. 2002இல் அரசு அதற்குத் தடை அறிவித்தது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. 2020 சனவரி முதல் நாளில்தான் முற்றாக விலக்கப்பட்டது. அந்நஞ்சுக்கும் நடுக்குவாதத்துக்கும் தொடர்புண்டு என அயல்நாட்டு ஆய்வுகள் சில கூறுகின்றன. அதுவே காரணமென்று ஐயமற நிறுவப்படவில்லை. கலனைத் தூக்கிய நாளில் அதனுள் இருப்பது என்ன செய்யுமென்று அவர்களுக்கு விளக்கியோர் எத்தனை பேர்?

நாளை அப்பெண்களின் குருதியை ஆய்வுக்கென எடுத்து, விடையைக் கோப்பில் மட்டும் எழுதி வைத்தால், தம் உடலைப் பற்றித் தாமே அறியாதோராக அவர்கள் இரண்டாம் முறையும் ஆக்கப்படுவர். ஒப்புதல் தாளில் கைந்நாட்டு வாங்குவது இதற்கு ஈடாகாது. ஊசி ஏற்றுமுன், அவர்களுக்குப் புரியும் தமிழில் ஒருவர் அருகமர்ந்து கேட்க வேண்டும்: "அம்மா, இதில் தெரிய வருவதை உங்களிடம் சொல்லட்டுமா, வேண்டாமா?"