ஓராண்டு ஓய்வு எவருக்கு?

பள்ளிப் படிப்பு முடிந்தபின், மேற்படிப்போ தொழிலோ தொடங்குமுன், ஓராண்டை ஒதுக்கி உலகைச் சுற்றிப் பார்த்தல் நன்றா? செல்வம் மிக்க நாடுகளில் இது விருப்பம் பற்றிய வினா. நம் நாட்டிலோ இது முதலில் வர்க்கம் பற்றிய வினாவாகும்.

உயர்தரப் பரீட்சை எழுதிய நம் மாணவர் பெறுபேற்றுக்காகவும், அதன்பின் பல்கலைக்கழக அனுமதிக்காகவும் மாதக்கணக்கிற் காத்திருக்கின்றனர். 2021 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையே 2022 பெப்ரவரியிலேதான் தொடங்கியது. இவ்விடைவெளி எவரும் விரும்பித் தேர்ந்ததன்று. எனினும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஓய்வு. வறிய வீட்டுப் பிள்ளைக்கு அது புடைவைக் கடையில் நாள் முழுதும் நிற்கும் காலம். மகாபொல உதவிப்பணமும் பல்கலைக்கழகத்துட் புகுந்த பின்னரே கைக்கு வரும்.

அவ்வாறாயின், பிரயாணம் வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடலாமா? தள்ளுதல் தகாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1952 இல் ஆர்ஜென்டீனாவின் மருத்துவ மாணவர் ஒருவர், படிப்பை இடைநிறுத்தி, நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவுடன் மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்காவைக் காணப் புறப்பட்டார். அவரே பின்னாளில் சேகுவேரா என்று உலகறிந்தவர். சிலி நாட்டுச் சுக்கிக்கமாட்டா செப்புச் சுரங்கத்துக்குச் செல்லும் வழியில், சிறைசென்று மீண்ட கம்யூனிஸ்ட் தொழிலாளி ஒருவரையும் அவர்தம் மனைவியையும் அவர்கள் சந்தித்தனர். குளிர்மிக்க அவ்விரவில் அத்தம்பதியரிடம் ஒரு போர்வைதானும் இல்லை. நண்பர்கள் தம் போர்வைகளுள் ஒன்றை அவர்களுக்கு அளித்தனர்.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அவ்விரவில் நால்வருமே வழிப்போக்கர். இருவர் உலகைக் காணப் புறப்பட்டவர். இருவர் வேலை தேடி அலைந்தவர். முன்னவர்க்குத் திரும்பிச்செல்ல வீடும் படிப்பும் காத்திருந்தன. குவேரா 1953 இல் பட்டமும் பெற்றார். பின்னவர்க்கு அவ்வுறுதி எதுவுமில்லை. பிரயாணம் தானாகவே மனிதரை உயர்த்துவதில்லை. அதே தெருவில் வேறு காரணத்துக்காக நடப்பவர் யார் என்று வினவும் மனமே உயர்த்துகின்றது.

அவ்வினாவை எழுப்பக் கடல் கடக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மாணவன் அட்டனுக்குச் சென்று, லயத்து அறையொன்றில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, நாட்கூலிக்கும் கொழுந்தின் நிறைக்கும் உள்ள கணக்கைக் கேட்டறிவானாயின், எந்தப் பாடநூலும் புகட்டாததைக் கற்பான். வாய்ப்புள்ளோர் செல்லட்டும், கண்டதை மறவாதிருக்கட்டும்.

ஆயின், புடைவைக் கடையில் நிற்கும் அவன் வகுப்புத் தோழியை நாம் மறந்துவிட்டால் இவ்வறிவுரை பாதி அறமே. காத்திருப்புக் காலம் குறுக வேண்டும். குறுகாதவிடத்து அக்காலத்துக்கும் உதவிப்பணம் வழங்கப்பட வேண்டும். இக்கோரிக்கையை ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே எழுப்புவோமாக. அவளுக்கும் அந்த ஓராண்டு உரியதாகும்வரை, ஓய்வின் பயன் பற்றிய நம் பேச்சு முழுமை பெறாது.