யாருக்கு எத்தனை அடி தூரம்?

வீட்டிலிருந்து 400 மீட்டர். ஐந்து நிமிட நடைக்கு நகரமைப்பு வல்லுநர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. 1929-இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி ஒரு குடியிருப்புக்குத் திட்டம் போட்டபோது, நடுவில் பள்ளிக்கூடத்தை வைத்து ஏறத்தாழ இந்தத் தொலைவில்தான் ஒரு வட்டம் வரைந்தார். பெரிய சாலைகள் வட்டத்தின் விளிம்போடு நின்றுவிட வேண்டும், குழந்தை அவற்றைக் கடக்காமல் பள்ளிக்குப் போய்வர வேண்டும் என்பது அவர் யோசனை. இன்று கிராமப்புறத்தில் பசுமைக் குடியிருப்புக்கு வரைபடம் போடுகிறவர்களும் இதே வழியில்தான் யோசிக்கிறார்கள். மழைநீர் ஓடும் சரிவைப் பார்த்துக் கட்டு, மரத்தை வெட்டாதே, வீடுகளை நெருக்கி வைத்து விளைநிலத்தை மிச்சம் பண்ணு, வண்டியை வெளியிலேயே நிறுத்து. நல்ல விதிகள்தான், மறுக்க ஒன்றுமில்லை.

இதே விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நம் பழைய கிராமம் ஒன்றை அளந்து பாருங்கள். முழு மதிப்பெண் வாங்கிவிடும். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். சுவருக்கு மண்ணும் கூரைக்கு ஓலையும் பக்கத்திலேயே கிடைத்தவை. கண்மாய், களம், கடை, கோயில் எல்லாம் கூப்பிடு தூரம். 1937-இல் காந்தி தன் இலட்சிய கிராமத்தைப் பற்றி எழுதும்போது, ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே குடிசை கட்ட வேண்டும் என்றார். அந்தக் கணக்குக்கும் நம் ஊர் தேறிவிடும்.

அப்புறம் ஏன் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நின்று கிராமத்தை அத்தனை கடுமையாகச் சாடினார்? அவர் பார்த்த வரைபடத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது. ஊர் முடிந்து, கொஞ்சம் வெற்றிடம் விட்டு, பெரும்பாலும் தாழ்வான நிலத்தில் இருக்கும் சேரி. அந்த இடைவெளி சும்மா விழுந்தது இல்லை. யாரோ யோசித்து விட்டது. நம்முடைய முதல் ‘சைட் பிளானிங்’ அதுதான் என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

நடப்பதற்குத் தேவை கால்களும் பாதையும் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். 1924-இல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. மீட்டர் கணக்கில் அந்தத் தெருக்கள் எல்லாருக்கும் பக்கம்தான். ஆனால் ஈழவருக்கும் புலையருக்கும் அவை எட்டாத தூரத்தில் இருந்தன. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழும்பிய சுவரும் அப்படித்தான். தலித் மக்களின் குடியிருப்பை ஊரிலிருந்து பிரித்த அந்தச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதத்தில்தான் அரசு இடித்தது. அதுவரை பத்தொன்பது ஆண்டுகள், சுவருக்கு அந்தப் பக்கம் போக எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில்.

அதே மதுரை மாவட்டத்தில்தான் மேலக்கோட்டையும் இருக்கிறது, முதல் சமத்துவபுரம் அமைந்த இடம். 1997-இல் கருணாநிதி அரசு தொடங்கிய திட்டம் அது. ஒவ்வொரு சமத்துவபுரத்திலும் 100 வீடுகள். தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. சாதிக்கொரு தெரு கிடையாது, எல்லாரும் கலந்துதான் குடியிருக்க வேண்டும். சமுதாயக் கூடம் பொது, சுடுகாடும் பொது.

இதைக் கேட்டதும் ஒரு எதிர்வாதம் வரும். “பக்கத்து வீட்டுக்காரன் யாரென்று அரசாங்கம் எப்படிங்க முடிவு பண்ணலாம்? மனசு மாறாம சுவரை மட்டும் மாத்தி என்ன புண்ணியம்?” தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. பக்கத்தில் இருப்பதாலேயே அன்பு வந்துவிடாது. ஒட்டிய சுவருக்கு இரண்டு பக்கமும் நாற்பது வருஷம் பேசாமல் வாழ்ந்த அண்ணன் தம்பிகள் நம் எல்லா ஊரிலும் உண்டு. புதிதாக அமைக்கும் ஊர், வேலையும் பள்ளியும் இல்லாத ஒதுக்குப்புறத்தில் அமைந்துவிட்டால், உள்ளே எத்தனை அழகாகத் தெரு போட்டாலும் பஸ்ஸை நம்பித்தான் பிழைக்க வேண்டும். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனாலும் அந்த எதிர்வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பழைய ஊரில் மட்டும் யாராவது தன் அண்டை வீட்டாரைத் தானே தேர்ந்தெடுத்தார்களா? அங்கேயும் பிறப்பதற்கு முன்பே மனை ஒதுக்கப்பட்டுவிட்டது. ஒதுக்கியவன் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை, அவ்வளவுதான். மனதை மாற்றுவது வரைபடத்தின் வேலையும் அல்ல. ஒருவரைப் பார்க்காமலேயே ஒரு ஆயுள் முழுக்க வாழ்ந்துவிடும் வசதி இருக்கிறதே, அதை வேண்டுமானால் அது பிடுங்கிக்கொள்ளலாம். ஒரே குழாயடியில் நிற்கும்போது வெறுப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் அது முகத்தைப் பார்த்தபடி இருந்தாக வேண்டும். ஏன் வெறுக்கிறோம் என்று அதற்கு ஒரு காரணமும் தேவைப்பட ஆரம்பிக்கும். காரணம் கேட்கப்படாத வரைக்கும்தான் அதற்கு வசதி.

இப்போது நகரத்துக்கு வெளியே வாயிற்கதவும் காவலாளியும் வைத்து பசுமைக் குடியிருப்புகள் எழும்புகின்றன. நடைபாதை, மூலிகைத் தோட்டம், சூரிய விளக்கு. உங்களில் சிலர் இதற்கெல்லாம் வரைபடம் போடப் போகிறவர்கள், சிலர் அங்கே குடிபோகப் போகிறவர்கள். வரைபடத்தை விரித்ததும் மரங்களை எண்ணுங்கள், தப்பில்லை. கூடவே நாலு விஷயம் தேடுங்கள். அங்கே பாத்திரம் தேய்க்க வரும் பெண் எந்த வாசல் வழியாக வருவார்? அவர் வீடு அந்த 400 மீட்டருக்குள் இருக்கிறதா? இருட்டிய பிறகு அந்தப் பாதையில் அவர் பயமில்லாமல் நடக்கலாமா? சுடுகாடு எங்கே, அதற்குப் போகும் பாதை யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது?

பதில் பெரும்பாலும் வரைபடத்தில் இருக்காது. தாளின் ஓரத்தில், “இதர நிலம்” என்று எழுதி வெள்ளையாக விட்டிருப்பார்கள். அங்கேதான் ஆட்கள் இருக்கிறார்கள்.